ஞாயிற்றுக்கிழமை தொடாத கை

பினாங்கில் நான் போகும் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பின்பக்கக் கொட்டகையில் எல்லோருக்கும் காப்பி கொடுப்பார்கள். வந்த புதிதில் ஒரு சீனப் பெண் பீங்கான் கோப்பையை என் கையில் கொடுத்தாள். பெயர் மேரி. என்னோடு படகுப் பட்டறையில் வேலை செய்யும் தச்சன் ஆ செங்கின் மனைவி. குடித்து முடித்ததும் குழாயடிக்குப் போய்க் கோப்பையைக் கழுவி ஓரமாகக் கவிழ்த்து வைத்தேன். மேரியின் முகம் சிவந்துவிட்டது. நான் கொடுத்த கோப்பை அழுக்கு என்று ஊருக்குக் காட்டுகிறாயா என்று மலாயில் சண்டைக்கு வந்தாள். நான் குடித்தது, நான்தானே கழுவ வேண்டும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அடுத்த வாரமும் கழுவினேன். எங்கள் ஊர்ப்பக்கம், சிதம்பரத்து டீக்கடைகளில் எங்கள் சேரி ஆட்களுக்கென்று தனி கிளாஸ் உண்டு. குடித்தவனே கழுவி வைக்க வேண்டும். அப்படி வளர்ந்த கை இது. கடல் தாண்டியும் குழாயைத் தேடுகிறது.

ஊரில் இருக்கும் நீங்கள், வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனானாயே, என்ன கண்டாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். நான் சேர்ந்த கடலூர்க் கோயிலின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அங்கே துறைமுகத்தில் நான் கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது என்னை வேதத்துக்கு அழைத்தவர் சவரிமுத்து உபதேசியார். சாயங்காலத்தில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் என்னைப் போல வளர்ந்த ஆட்களை உட்கார வைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். உடம்பெல்லாம் கடலைத் தூசியோடு போவேன். முகம் சுளிக்க மாட்டார். மந்திரம் தப்பினால் தோளில் தட்டிச் சிரிப்பார்.

"இன்னா கலியா, மூட்டைய மட்டும் தப்பாம தூக்குற, மந்திரத்துல பாதிய கீழ போட்டுடுற?"

"மூட்டைக்குக் காது இருக்குதுங்க, புடிச்சிக்கலாம். இதுல எதப் புடிக்கிறதுன்னே தெரியல."

"என்னப் புடிச்சிக்கடா. சாமி முன்னால மேல கீழ கெடையாது. ஒனக்கு ஞானத்தகப்பனா நானே நிக்கிறேன்."

ஞானத்தகப்பன் என்றால் சும்மா பக்கத்தில் நிற்கிற ஆள் இல்லை. சேர்பவனின் தலையில் பாதிரியார் தண்ணீர் ஊற்றும்போது, ஞானத்தகப்பனின் கை அவன் தோளில் இருக்க வேண்டும். இவன் இனி எங்கள் ஆள் என்று சபைக்கு முன்னால் சொல்கிற கை அது. உபதேசியார்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார். என் தோளிலேயே கை வைத்துக் காட்டினார். அந்தக் கைக்காகத்தான் நான் சேர்ந்தேன் என்று இன்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேதம் மாறியதால் சர்க்கார் சலுகை போனது. போகட்டும், ஒரு கை கிடைக்கிறது என்று நினைத்தேன்.

ஞானஸ்நானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. கோயில் நிறைய ஜனம். தலையைக் குனிந்தேன். தண்ணீர் விழுந்தது. தோளில் ஒன்றும் விழவில்லை. கடைக்கண்ணால் பார்த்தேன். உபதேசியாரின் கை என் தோளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. வெள்ளைக்காரப் பாதிரியாரும் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த செபத்துக்குப் போய்விட்டார். முடிந்ததும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து, அந்தோணி என்று புதுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கோயிலுக்குள்ளேயே தடுத்திருந்த கம்பிக்கு அந்தப்பக்கம் எங்கள் சேரி ஆட்கள் உட்காரும் இடத்தைக் காட்டினான். அங்கே அப்படி ஒரு இடம் இருப்பதைத் தாழ்வாரத்தில் எனக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் உபதேசியாரை மறித்துக் கேட்டேன்.

"ஏங்க தொடல?"

"சத்தம் போடாதடா. பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. சம்பந்தி ஊட்டுக்காரங்க முன் பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

"தாவாரத்துல தொட்டீங்களே?"

"அங்க யாரு பாத்தா? தண்ணி பட்டுச்சில்ல, அது போதும் போ."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். வாரமெல்லாம் தொட்ட கை ஞாயிற்றுக்கிழமை தொடவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. பிறகு பினாங்கிலிருந்த மாமா கூப்பிட்டார், கப்பலேறிவிட்டேன். இங்கேயும் தமிழ்ப் பூசை உண்டு. முதல் வாரமே ஒருவர், "நீங்க கடலூர்ல எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்தார். ஊரைச் சொன்னேன். "அதுல எந்தத் தெரு?" என்றார். அதோடு அந்தப் பூசைக்கு ஒரு கும்பிடு. பாஷை புரியாவிட்டாலும் சீனர் பூசைக்கே போகிறேன். அங்கே என் தெருவைக் கேட்க ஆளில்லை.

போன வருஷம் ஆ செங்கும் மனைவி வழியில் வேதத்தில் சேர முடிவு செய்தான். மேரி காப்பி கொடுக்கும் கொட்டகையிலேயே அவனுக்கு ஞானோபதேச வகுப்பு நடந்தது. பட்டறையில் கையில் உளியோடு என்னிடம் வந்து, நீதான் எனக்கு ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்றான். முடியாது என்றேன். அவன் உளியைக் கீழே வைத்தான். பிறகு, நான் சீனன் என்பதாலா என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்று சொல்ல வேண்டும். கடலூரைச் சொல்ல வேண்டும், சம்பந்தியைச் சொல்ல வேண்டும். நான் பேசும் கடைத்தெரு மலாயில் மீன் வாங்கலாம், கூலி கேட்கலாம். இதைச் சொல்ல வார்த்தை இல்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சரி என்றேன்.

அந்த நாளும் வந்தது. ஆ செங் தலையைக் குனிந்தான். பாதிரியார் தண்ணீரை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அது நின்றுவிட்டது. ஒரு சாண் உயரத்தில், அதே போல. என் கண் தானாக முன் பெஞ்சுக்குப் போனது, யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்க. யாரும் சுளிக்கவில்லை. மேரி மட்டும், என்ன தாமதம் என்பது போல மோவாயை ஆட்டினாள். ஆ செங் குனிந்த தலை நிமிராமல் தன் கையை மேலே கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். மரம் பிடிக்கிற பிடி. இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். தண்ணீர் அவன் தலையில் விழுந்து என் விரல்மேலும் வழிந்தது.

பிறகு கொட்டகையில் மேரி காப்பி கொடுத்தாள். குடித்தேன். கால் குழாயடிக்குத்தான் போனது. கழுவித்தான் வைத்தேன். இந்த முறை அவள் அதை எடுத்து மற்றக் கோப்பைகளோடு சேர்த்து வைத்தாள். என் கை பினாங்குக்கு வந்துவிட்டது, ஒரு தோளையும் தொட்டுவிட்டது. என் தோள் வரவில்லை. அது இன்னும் கடலூரில், கம்பிக்கு அந்தப்பக்கம், ஒரு சாண் உயரத்தில் நிற்கும் அந்தக் கைக்குக் கீழே குனிந்தபடியே இருக்கிறது.