பதினோரு மாத வெள்ளைக்காரன்

முப்பத்து மூன்றாவது வயதில், பதினோரு மாத காலம், நான் ஒரு வெள்ளைக்காரன் என்று உறுதியாக நம்பியிருந்தேன். என் நிறத்தைப் பார்த்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் என் கையில் பாஸ்போர்ட் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோது ஒரு பிஸ்கட் தகரம் கீழே இறங்கியது. திறந்ததும் பாச்சை உருண்டை வாடை. உள்ளே அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். அதன் அடியில், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பொறித்த சிவப்புப் புத்தகம்.

“இன்னுமா இத வச்சிருக்கீங்க? மூஞ்சப் பாருங்க, கோழி திருடுனவன் மாதிரி.”

“பிரிட்டிஷ் பிரஜை,” என்றேன்.

“கோழி திருடுன பிரிட்டிஷ் பிரஜை லா,” என்று திருத்திவிட்டுத் துடைக்கப் போய்விட்டாள்.

பாச்சை உருண்டை அப்பாவின் வாடை. சட்டைக்கும் காகிதத்துக்கும் ஒரே அளவில் போடுவார். தாத்தாவை நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து பினாங்கில் ரோடு போட வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அதற்காக அப்பா அவர்கள்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் மட்டும், “வெள்ளக்காரன் காலத்துல இப்படியா நின்னுச்சு?” என்பார். அத்தனை காலம் ஆண்டவர்களைப் பற்றி அவருக்கு இருந்த மொத்த அபிப்பிராயமும் சாக்கடை தொடர்பானது. அவர்கள் ஆட்சியில் இங்கே பிறந்தது ஒரு தகுதி என்பது அவருக்கே தெரியாது. எனக்கு அதைச் சொன்னவர் சேவியர் அண்ணன்.

பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் சூப்பர்வைசர். எந்தத் திருகாணி எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மனைவி பிலோமினா அக்காவோடும் மகளோடும் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருந்தார். தொழிற்சாலையையே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம். தேநீர் நேரத்தில் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, உங்கப்பா எங்க பொறந்தாரு?”

“இங்கதாண்ணே.”

“வெள்ளக்காரன் இருக்கும்போதா?”

“ஆமா.”

“அப்ப நீயும் அவன் பிரஜைடா. நானும்தான். நம்மள இங்க மறந்து வச்சிட்டுப் போயிட்டான். போய் ஞாபகப்படுத்தணும்.”

பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த ஏஜெண்டு விளக்கினார். பினாங்கு அவர்களுடைய நேரடிக் காலனியாக இருந்ததால், அப்போது இங்கே பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் ஒருவகை பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்கும். அது உண்மை. அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு லண்டனில் குடியிருக்க முடியாது. அதுவும் உண்மை, அதை அவர் மெல்லிய குரலில் சொன்னார். ஆனால் மலேசியக் குடியுரிமையை ஒப்படைத்துவிட்டு அங்கே போய் நின்றால், நாடில்லாத மனிதனை எங்கே திருப்பி அனுப்புவார்கள்? முழுக் குடியுரிமை கொடுத்தே ஆகவேண்டும். இதை மட்டும் உரக்கச் சொன்னார்.

பாஸ்போர்ட் வந்தது. நான் லண்டன் வாழ்க்கைக்கான பயிற்சியில் இறங்கினேன். டின் பால் போட்ட தேநீரை நிறுத்தினேன். வீட்டில் ஏர்கோனைப் பதினாறு டிகிரிக் குளிரில் வைத்துக் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்தேன். மனைவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். வெள்ளைக்காரர்களைப் போலப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினேன். பதினோரு மாதம் இப்படிப் போயிற்று.

குடியுரிமையை ஒப்படைக்க இருவரும் ஒன்றாகத்தான் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். சேவியர் அண்ணன் முதலில். பாரத்தில் கையெழுத்துப் போட்டார். மலேசியக் குடிமகன் என்பதற்கான தன் நீல அடையாள அட்டையை நீட்டினார். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா கத்தரிக்கோலை எடுத்து, இனிச் செல்லாதபடி அட்டையின் மூலையை வெட்டினார். கிளிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அடுத்து நான். “நன்றாக யோசித்துவிட்டீர்களா?” என்று மலாயில் கேட்டார். யோசித்துவிட்டேன் என்று அட்டையை நீட்டினேன். அவர் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். என் இரண்டு விரல்கள் என்னைக் கேட்காமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. “விடுங்களேன்,” என்றார். வரிசையே பார்த்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அட்டையோடு நகர்ந்தேன். கழிப்பறையைத் தாண்டி, மாடிப்படியைத் தாண்டி, பேருந்து ஏறி, ஜெலுத்தோங் சந்தையில் மீன்காரருக்கு எதிரில்தான் நின்றேன். நின்ற தோஷத்துக்கு அரைக் கிலோ கெம்போங் மீன் வாங்கினேன். மோட்டார் சைக்கிள் அலுவலக வாசலிலேயே நிற்கிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது.

சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

“கக்கூசு எங்கடா இருந்துச்சு, தாய்லாந்துலயா?”

“பயந்துட்டேண்ணே. மூலைய வெட்டுனாங்களே…”

“அட்டைதானடா. அங்க போய் நின்னா புதுசு தருவான். நான் செட்டில் ஆனதும் உன்னையும் கூப்பிட்டுக்கிறேன். அதுவரைக்கும் மீன் தின்னுக்கிட்டு இரு.”

‘போகாதீங்கண்ணே’ என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். வெட்கப்படுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன். ‘அடுத்த மாசம் நானும் வர்றேன்’ என்று பொய் சொன்னேன். விமான நிலையத்தில் பிலோமினா அக்கா அழுதார். லண்டனுக்கென்று நான் வாங்கிவைத்த மழைக்கோட்டை அண்ணன் போட்டுக்கொண்டு போனார். எனக்கு இனி அது எதற்கு?

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. சொன்னபடியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏஜெண்டின் மாடி காப்பிக்கடை ஆகிவிட்டது. அசல் வெள்ளைக்காரர்கள் வந்து பழைய சன்னலைப் படம் பிடிக்கிறார்கள். ஏஜெண்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. ‘வெள்ளக்காரன் காலத்துல’ என்று தொடங்கும் ஆட்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தெருவில் தண்ணீர் நின்றால் இப்போது படம் எடுத்து வாட்சாப்பில் போடுகிறோம்.

லண்டனில் சேவியர் அண்ணனுக்குக் குடியுரிமை கொடுக்கவில்லை. ‘நீங்களாக விட்டுவிட்டு வந்தீர்கள், உங்கள் நாட்டுக்கே போங்கள்’ என்றார்கள். இங்கே கேட்டதற்கு, ‘நீங்கள் எங்கள் குடிமகன் இல்லை’ என்றார்கள். வேலை செய்ய அனுமதியில்லாமல் பதிமூன்று வருடம் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவினார். மகள் கல்யாணத்தைக் கைப்பேசியில் பார்த்தார். இப்போது அந்தச் சிவப்புப் பாஸ்போர்ட்டிலேயே திரும்பி வந்துவிட்டார். ஜெலுத்தோங்கில் பிறந்த மனிதர், ஜெலுத்தோங்கில் தன் வீட்டில், வெளிநாட்டவருக்கான அனுமதியில் இருக்கிறார். ஒவ்வொரு முறை அது முடியும்போதும் பிலோமினா அக்கா கூடப் போய், இவர் என் புருஷன்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.