ஏழால் பெருக்கியபோது

142857 என்ற எண்ணை எங்கே கண்டாலும் இன்றும் எனக்குக் காது சூடாகிவிடும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும்போது பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவார். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் 428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம் மட்டும் மாறும். "தேரு லயத்து வீடுங்களச் சுத்துற மாதிரி மச்சான். எந்த வாசல்ல நின்னு பாத்தாலும் அதே தேருதான்" என்பார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெரிய எண்களைப் பெருக்க வராது. இதற்குப் பெருக்கலே தேவைப்படவில்லை. ஒன்றில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் அடுத்த பெரிய இலக்கத்திலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போனால் விடை தானாக வந்துவிடும்.

என் மகளைப் பெண் பார்க்கக் கினிகத்தேனையிலிருந்து வந்தார்கள். பையன் கணக்கு வாத்தியார். அவருடைய அம்மாவுக்குப் படித்த குடும்பம் வேண்டும். மைத்துனர் என்னைக் கேட்காமலே, நான் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரை படித்தவன் என்று சொல்லி வைத்திருந்தார். அந்த அம்மா என்னையே உற்றுப் பார்க்கவும், "நம்ம மச்சான் கணக்குல புலிங்க. அந்த நம்பரக் காட்டுங்க மச்சான்" என்று என்னை மாட்டிவிட்டார். மகள் தேநீர்த் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஆறு பெருக்கல் வரை மளமளவென்று எழுதினேன். "அடேயப்பா, யோசிக்காமலே எழுதுறாங்களே!" என்றார் அந்த அம்மா. பையன் ஆசையோடு முன்னால் நகர்ந்து, "அப்படியே ஏழாலயும் பெருக்குங்க மாமா" என்றார். ஆறு இலக்கங்களும் தீர்ந்துபோயிருந்தன. வேறு வழி தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி 142857 என்றே எழுதினேன். "தேரு கோயிலுக்கே திரும்பிருச்சு தம்பி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பையன் மட்டும் தாளையே பார்த்தார். ஏழு மடங்காக்கிய எண் எப்படி அதே எண்ணாக இருக்கும்? அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாளை மெதுவாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "சரியா இருக்கும்மா" என்றார்.

கல்யாணம் நடந்தது. மகள் நன்றாக இருக்கிறாள். ஏழால் பெருக்கினால் அத்தனையும் ஒன்பதாக, 999999 என்று வரும் என்பதைப் பல வருடங்கள் கழித்துக் கைபேசியில் தட்டிப் பார்த்துத்தான் அறிந்தேன். மருமகன் இதுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஒரு வார்த்தை கேலி செய்திருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்.

போன வாரம் பேத்தி கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, இந்தப் பெருக்கலச் சொல்லித் தாங்க." நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மருமகனின் குரல் அவசரமாக வந்தது: "தாத்தாகிட்ட கண்ணாடி இல்ல புள்ள. எங்கிட்ட கொண்டா."

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. பேத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.