செவலைக்குக் குரல் கொடுத்த கோமளா அக்கா

தேனாம்பேட்டை சிக்னலில் நின்றிருந்த பேருந்துக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒலிப்பதிவாளர் பாஸ்கர் அழைத்தார். "சார், நம்ம செவலை போய்ட்டாங்க சார்" என்றார். "எங்கே போய்ட்டாங்க?" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. கோமளா அக்கா குடியிருந்தது ஒன்பதாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து அக்கம்பக்கத்தார் நான்கு பேர் படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். நான்காவது மாடியில் திரும்பும்போது தலை சாய்ந்துவிட்டதாம். கீழே ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்ததாம். இதையெல்லாம் பாஸ்கர் சொல்லி முடித்தபோது நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருந்தேன். இறங்கி என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் வந்த அதே தடப் பேருந்தில் மறுபடி ஏறிக்கொண்டேன்.

டப்பிங் கூடங்களில் அவரோடு நின்றவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இழவு வீட்டில் பத்துப் பெண்கள் ஒப்பாரி வைப்பதைத் திரையில் கேட்டிருப்பீர்கள். அதில் மூன்று பேராகக் கோமளா அக்கா இருந்திருப்பார். சந்தை இரைச்சல், ஆஸ்பத்திரி வராந்தா, தண்ணீர் லாரிக்கு முன்னால் சண்டை எல்லாவற்றிலும் அவர் குரல் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் கூட்டக் குரல் மட்டும்தான். ஒரு பாத்திரத்துக்கு முழுதாக அவர் பேசியது ஒரே ஒரு படத்தில். அந்தப் பாத்திரமும் ஒரு நரி.

அது ஓர் அனிமேஷன் படம். சதுப்பு நிலம் ஒன்றை மண் கொட்டி நிரப்பி அடுக்குமாடி கட்டுகிறார்கள். அங்கே வாழ்கிற ஆமையும் நீர்க்கோழியும் பாம்பும் நரியும் என்ன ஆகின்றன என்பது கதை. நரிக் கூட்டத்தின் தலைவி செவலை. மனிதர்களோடு பேச்சுவார்த்தையே கூடாது என்பவள். நிலம் அளந்து நட்ட கல்லைப் பிடுங்குவாள், இயந்திரத்தின் குழாய்களைக் கடித்து அறுப்பாள், பயந்து ஒதுங்கும் பிராணிகளை அதட்டி வரிசையில் நிறுத்துவாள். வசனம் நான். இயக்குநர் நந்தினிக்கு அது முதல் படம்.

குரல் பதிவு தொடங்கிய அன்று, செவலைக்குப் பேச வேண்டிய நடிகை வரவில்லை. தி. நகரில் ஒரு சந்துக்குள் இருந்த அந்தக் கூடத்தில் எல்லோரும் காத்திருந்தோம். கூட்டக் குரலுக்காக வந்திருந்த கோமளா அக்கா மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நேரம் வீணாகிறதே என்று நந்தினி அவரிடம், "நரிக் கூட்டம் ஊளை விடுற சத்தம் மட்டும் இப்ப எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"எத்தினி நரி?"

"எட்டு இருக்கும்."

"ஆம்பள எத்தினி, பொம்பள எத்தினி, குட்டி எத்தினி?"

நந்தினி என்னைப் பார்த்தாள். நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அக்காவே பிரித்துக்கொண்டு, எட்டு முறை தனித்தனியாக ஊளையிட்டார். பாஸ்கர் எட்டையும் அடுக்கி ஓடவிட்டார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "எங்க வூட்டாண்ட தான். ஆத்துக்கு அக்கரைல பொதர் இருந்துச்சு. பொழுது சாஞ்சா கத்தும். எங்கம்மா பதிலுக்குக் கத்துவா. சில நாளு அதுங்களும் நிறுத்திட்டுக் கேக்கும்" என்றார். ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால் அடையாற்றங்கரையில்தான் அவர் பிறந்தது, மணமானது, கணவரைப் பறிகொடுத்தது, மகள் சுமதியை வளர்த்தது எல்லாம்.

அன்று மாலையே செவலை அவருடையவளாகிவிட்டாள்.

என் வசனத்தை அவர் அப்படியே பேசியதில்லை. "நம் நிலத்தை நாம் விட்டுத்தர மாட்டோம்" என்று எழுதியிருந்தேன். தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, "நிலம்னு எந்த நரி நைனா சொல்லும்? நிலம்னு பத்திரம் வெச்சிருக்கறவன் சொல்லுவான். நரி 'இது நம்ம எடம்'னு சொல்லும்" என்றார். மாற்றினேன். இன்னொரு காட்சியில் செவலை உறுமிக் கத்த வேண்டும் என்று நந்தினி விரும்பினாள். அக்கா மறுத்துவிட்டார். "கத்துனா இவளுக்கு பயம்னு தெரிஞ்சிடும் பாப்பா. மெதுவா சொல்லு, அவன் குனிஞ்சி கேப்பான். அப்ப கடி" என்றார். அனிமேஷனில் குரலைத்தான் முதலில் பதிவு செய்வார்கள், படம் அதற்குப் பிறகுதான் வரையப்படும். வரைபவர்கள் அவர் பேசும்போது செல்போனில் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டார்கள். பேசுவதற்கு முன் கீழுதட்டை ஒருமுறை உள்ளிழுத்துவிட்டுத் தொடங்குவது அக்காவின் வழக்கம். படத்தில் செவலையும் அப்படித்தான் செய்வாள். அது நரியின் பழக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு.

பாதிப் படம் பதிவான நேரத்தில் அவர்கள் குடியிருப்புக்கு நோட்டீஸ் வந்தது. ஆற்றோரத்தைச் சீரமைக்கப் போகிறார்கள், எல்லோரும் ஊருக்குத் தெற்கே கட்டியிருக்கும் அடுக்குமாடிகளுக்குப் போய்விட வேண்டும். அக்கா என்னிடம் வந்து ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். மயிலாப்பூர் குளக்கரையில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து எழுதினேன். படித்துக் காட்டினேன். 'மிகவும் பணிவன்புடன்', 'தயைகூர்ந்து', 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"செவலைக்கு அந்த மாரி எழுதறே. எனக்கு இன்னா இப்டி எழுதிக்கினு கீறே?"

"மனுன்னா இப்படித்தான்க்கா எழுதணும்."

"செரி, உனக்குத்தான் தெரியும்" என்று மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். மனுவில் முத்திரை குத்தினார்கள். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "அங்க நல்லா இருக்கும்மா. லிஃப்டெல்லாம் போட்டிருக்கு" என்றார். அக்கா, "என் பொழப்பு தி. நகர்ல கீது சார். கூப்புட்டா ஒரு மணி நேரத்துல போய் நிக்கணும். உங்க லிஃப்டு தி. நகர் வருமா?" என்று கேட்டார். அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். 

காலி செய்யும் நாளன்று அக்காவும் ஐந்து பெண்களும் லாரிக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போனபோது உச்சி வெயில். அக்கா கத்தவில்லை. சுற்றி நின்ற போலீஸ்காரர்களிடம் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர்களும் குனிந்துதான் கேட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு பெண் போலீசார் அவரை இரு பக்கமும் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அவர் கால்கள் தரையில் படாமல் போனதைப் பார்த்தேன். நான் தடுக்கவில்லை. யாரிடமோ போனில் பேசுவதுபோலக் காதில் போனை வைத்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் யாரும் இல்லை. இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அதே வாரத்தில் எங்களுக்கு ஒரு செய்தி வந்தது. படத்தை வாங்கி வெளியிட முன்வந்தவர்களுக்கு முடிவு பிடிக்கவில்லை. நான் எழுதியிருந்த முடிவில் செவலை கடைசிவரை எதிர்த்து நிற்பாள். இது குழந்தைகளுக்கு நல்லதல்ல என்றார்கள். செவலை தன் கோபம் தவறு என்று உணர வேண்டும். மனிதர்கள் காட்டும் புதுக் காட்டுக்கு எல்லாப் பிராணிகளையும் அவளே அழைத்துப் போக வேண்டும். மாற்றாவிட்டால் படம் இல்லை. நந்தினி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "எழுதிடுங்க சார்" என்றாள். எழுதினேன். அரை மணி நேரம்தான் ஆனது.

அக்கா புது வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி, தாமதமாக வந்து சேர்ந்தார். தாளைக் கொடுத்தேன். "நான் செய்தது தப்பு. எல்லாரும் வண்டியில ஏறுங்க. அங்க நமக்குப் புது எடம் காத்திருக்கு." நிலம் என்று எழுதாமல் எடம் என்றுதான் எழுதியிருந்தேன். அந்த அளவுக்கு அவரிடம் கற்றிருந்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"இத நான் சொல்லணுமா நைனா?"

"வேற வழி இல்லக்கா. இல்லேன்னா படமே வராது."

"அன்னிக்கு ரெண்டு போலீஸ் என்னியத் தூக்குச்சு. இன்னிக்கு நீ தூக்கறே."

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன்னால் நின்றார். கீழுதட்டை உள்ளிழுத்தார். ஒரே தடவையில் பேசி முடித்தார். எதற்கும் இருக்கட்டும், இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாமா என்று பாஸ்கர் கேட்டதற்கு, "ஒரு தபாதான் வரும்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். படம் வந்தபோது பலர் அந்தக் காட்சியைத்தான் பாராட்டினார்கள். தலைவியின் மனமாற்றம் உருக்கமாக இருந்தது என்றார்கள்.

அதன் பிறகு அவருக்கு வேலை குறைந்தது. கூட்டக் குரலுக்கு ஆள் தேவை என்பது ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும். அவ்வளவு தூரத்திலிருந்து யார் வந்து சேர முடியும்? பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக்கொண்டோம். கூப்பிட்டுக்கொண்டோம் என்று என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு நாள் அவராகவே போன் செய்தார். "நைனா, இங்க ஜன்னலாண்ட நின்னா சதுப்பு தெரியுது. கோரை, கொக்கு எல்லாம் அப்டியே நம்ம படத்துல வர்ற மாரியே கீது. அத்த மூடித்தான் எங்களுக்கு வூடு கட்டிக் கீறாங்க. நாங்கதான் அது மேல குந்திக்கினு கீறோம்" என்றார். நான் என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. "நரி ஒண்ணையும் காணோம். ஒரு தபா கத்திப் பாத்தேன். கீழ் வூட்டுக்காரி இன்னா ஆச்சுன்னு ஓடியாந்தா" என்று சிரித்துவிட்டு வைத்தார். வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். போனது, அவரைக் கிடத்தியிருந்த அன்றுதான்.

கட்டடத்தின் கீழே, வாகனங்கள் நிறுத்துமிடத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். ஆற்றோரத்திலிருந்து வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். எத்தனையோ படங்களுக்கு அக்கா கொடுத்த ஒப்பாரி இவர்களுடையதுதான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சுடுகாட்டுக்குப் புறப்படுவதற்கு முன், சுமதி என்னை ஓரமாக அழைத்தாள். தி. நகரில் ஒரு துணிக் கடையில் வேலை செய்கிறாள். நின்று நின்று கால் வீங்கியிருந்தது.

"சார், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். படத்துல கடைசில நரி வண்டில ஏறிடுது. ஆனா அம்மா எங்களுக்கு வேற மாரி சொல்வாங்க. சாயங்காலம் கரண்டு போனா இந்த மாடிப் பொம்பளைங்க எல்லாம் வராந்தால உக்காந்து அம்மாவக் கதை சொல்லச் சொல்லும்."

"எப்படிம்மா சொல்வாங்க?"

"ஆமை, பாம்பு, கோழி எல்லாத்தயும் லாரில ஏத்திட்டாங்களாம். செவலை மட்டும் ஏறாம நின்னுக்கினு கீதாம். டிரைவர் ஹாரன் அடிச்சானாம். அது நகரலியாம். மறுபடி அடிச்சானாம்."

"அப்புறம்?"

"அப்பால சொல்ல மாட்டாங்க சார். 'இன்னும் அடிச்சிக்கினுதான் கீறான்'னு சொல்லிட்டு எழுந்து உள்ள போய்டுவாங்க. எது சார் நெசமான கதை? எழுதினவரு நீங்கதான, அதான் கேக்கறேன்."

"அம்மா சொன்னதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் பெட்டிக்கு அருகில் போய் உட்கார்ந்தாள்.

படம் படமாகவே இருக்கிறது. அதில் செவலை இன்றும் மன்னிப்புக் கேட்கிறாள், ஏறச் சொல்கிறாள். அக்காவின் குரலில், நான் எழுதிய வரிகளில். அதை அழிக்க என்னால் முடியாது, அந்த அதிகாரம் எங்கள் யாரிடமும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வராந்தாவில் அவர் சொன்ன முடிவை மட்டும். நான் அதைக் கேட்டது அவர் வாயால் அல்ல. எந்த ஒலிநாடாவிலும் அது இல்லை. இந்த அஞ்சலியை எழுதுகிற சாக்கில் அதை உங்களிடமும் கொடுத்துவிடுகிறேன்: வண்டி கிளம்பக் காத்திருக்கிறது. செவலை இன்னும் ஏறவில்லை.