சும்மா இருக்கிறவள் சுட்ட பிஸ்கெட்

மைதாவைப் பிசைந்து, தேய்த்து, தகர அச்சால் வெட்டி, சுட்டு, மேலே கலர் ஐஸிங் போட்டு விற்கிற தொழில் என்னுடையது. இதைத் தொழில் என்று சொல்கிற ஒரே ஆள் கூடுவாஞ்சேரியில் நான்தான்.

வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைக்கிற, டியூஷன் எடுக்கிற, ஊறுகாய் போட்டு விற்கிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. தொண்ணூறுகளில், மூடியில் கண்ணாடி வைத்த வட்டமான கரண்ட் ஓவன் ஒன்று வாங்கி ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸ், நியூ இயர் என்றால் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இத்தனை வருஷமும் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். என் வீட்டு மனுஷர்களில் யாராவது ஒருத்தர், வெளி ஆளிடம், "இது இவ செய்யற வேலை" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இது பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்கள்.

யார் வீட்டு நட்சத்திரம்?

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் கடைகளில் பிஸ்கெட் வெட்டுகிற அச்சு கிடைக்காது. திருக்கழுக்குன்றத்தில் தகரப் பட்டறை வைத்திருந்தவரிடம் போய் நட்சத்திர அச்சு வேண்டும் என்றேன். எத்தனை முனை என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காவடிக்கும் கோயிலுக்கும் வேலை செய்து பழகிய கை. முருகன் கோயில் சுவரில் இருக்குமே, அதே மாதிரி ஆறு முனையில் வளைத்துக் கொடுத்துவிட்டார். நட்சத்திரம் நட்சத்திரம்தானே என்று நானும் வாங்கி வந்து, ஓவனுக்கு ஓய்வே கொடுக்காமல் சுட்டுத் தள்ளினேன்.

ஆர்டர் கொடுத்தவர் ஒரு கான்வென்ட் டீச்சர். டப்பாவைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "முருகர் சக்கரமாச்சே இது, இத எப்படிம்மா சர்ச்சுல குடுக்கறது?" என்று மூடித் திருப்பிக் கொடுத்தார். வீணாக வேண்டாமே என்று தெருக்கோடியில் காதுகுத்து வைத்திருந்த வீட்டுக்கு எடுத்துப் போனேன். "கிறிஸ்துமஸ் நட்சத்திரத்த வெச்சா நம்ம சாதி சனம் சிரிக்கும்" என்று அவர்களும் தொடவில்லை. எரிச்சலோடு மறுபடி பஸ் ஏறி, பட்டறைக்காரரிடம் அச்சை நீட்டினேன். மனுஷர் பதறவே இல்லை. "நட்சத்திரம்னு கேட்ட, நட்சத்திரம் குட்த்தேன். எந்த சாமிதுன்னு நீ சொல்லவே இல்லியேம்மா!"

மார்கழி முட்டை

கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். என் மாமியார் மார்கழி முழுக்க முட்டையை நிலைப்படி தாண்ட விடமாட்டார். முட்டை இல்லாமல் சுட்டால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் எங்கே போவேன்? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். முட்டையாக வீட்டுக்குள் வரக்கூடாது, மாவாக வரலாம்.

ஆகவே கிணற்றடியில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை உடைத்து, வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து, மாவு பிசைந்தேன். தூறல் போட்டால் தலையில் முக்காடு, காக்கா வந்தால் கையில் குச்சி. ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது மாமியாரின் தங்கை வந்தார். இவள் ஏன் பனியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பரிதாபமாகக் கேட்டார். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது எனக்கு. இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் சொன்னார்: "அவளுக்குப் பொழுது போவல. மாவ வெச்சி வெளாடிக்கினு கீறா."

குள்ளமான ஹீரோ

எங்கள் தெருவில் வோல்டேஜ் எப்போதும் தள்ளாட்டம். நான் ஓவனைப் போட்டால் எதிர்வீட்டு டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுகிற நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "ஹீரோ குள்ளமாயிட்டாம்மா, கொஞ்சம் நிறுத்து." பாதி வெந்த பிஸ்கெட்டை நிறுத்தினால் என்ன ஆகும்? அப்பளமும் ஆகாது, அடையும் ஆகாது. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய ஆர்டர் சார் என்று கெஞ்சினேன். உள்ளே ஈசிசேரில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் ஒரு அங்குலம்கூடக் கீழே இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரரே தீர்ப்பும் சொன்னார்: "ஆபீஸ் வேலையா இன்னா? நாளைக்கு செய்யேன், யார் கேக்கப் போறாங்க?"

மாமல்லபுரத்தில் முதலாளி

அப்புறம் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் இருந்து ஆர்டர் வந்தது. வெள்ளைக்காரர்கள் தங்குகிற இடம். கிறிஸ்துமஸ் மரம், மணி, கூடவே அந்த ஊருக்குத் தகுந்த மாதிரி யானை. தும்பிக்கை ஒடியாமல் யானை சுடுவது லேசான காரியமில்லை, நம்புங்கள். டின்களைத் தூக்க ஆள் வேண்டுமே என்று கணவரை அழைத்துக்கொண்டு, செங்கல்பட்டில் பஸ் மாறி, மடியில் டின்னோடு போய்ச் சேர்ந்தேன். ஒரு தும்பிக்கைகூட ஒடியவில்லை.

மேனேஜர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "பிரமாதம்!" என்றார். சொன்னது என்னிடம் அல்ல, டின் தூக்கி வந்தவரிடம். பிசினஸ் எப்போது ஆரம்பித்தீர்கள் சார் என்றும் கேட்டார். இவர் கழுத்தைச் சரித்துச் சிரித்துக்கொண்டு, "அது ஓடுது சார் சில வருஷமா, நம்ம மேற்பார்வையில" என்கிறார்! ஓவன் ஸ்விட்ச் எங்கே இருக்கிறதென்று தெரியாத மனுஷர். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டீ வந்தது, அதுவும் அவருக்குத்தான். கிளம்பும்போது மேனேஜர் என் பக்கம் திரும்பிப் பெருந்தன்மையாகச் சொன்னார்: "நீங்களும் கூடமாட ஒத்தாச பண்றீங்களாம்மா? வெரி குட்."

அந்த பேக்கரி

என் பெண் சுதா படித்து முடித்ததும் வரன் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜி, கேசரி எல்லார் வீட்டிலும்தான் இருக்கும், நம் வீட்டில் வேறு மாதிரி இருக்கட்டுமே என்று பூ வடிவத்தில் பிஸ்கெட் சுட்டேன். ஒவ்வொரு இதழுக்கும் சுதாதான் ரோஸ் கலர் ஐஸிங் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

சகோதரிகளே, இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வரும்? அதையும் நானே சொன்னால் பெருமையடித்த மாதிரி இருக்கும் என்று இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செங்கல்பட்டுல ஒரு பேக்கரி, எங்களுக்கு வாடிக்கை" என்றார். பொண்டாட்டி பலகாரம் சுட்டு விற்கிறாள் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டில் மதிப்புக் குறைந்துவிடுமாம். சுதா வாயைத் திறந்தாள். அப்பா முறைத்தார். மூடிக்கொண்டாள். இவரை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன். என் பெண்ணும் தலையைக் குனிந்தாளே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அம்மா என்ன செய்கிறார் என்று அடுத்த கேள்வி வந்தது. "சும்மா வீட்லதான்" என்று அதற்கும் இவரே பதில் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா மூன்றாவது பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "அதானே பாத்தேன். வீட்ல சும்மா இருக்கறவங்க செஞ்சா இந்த ஃபினிஷிங் வருமா?"

சம்பந்தம் முடிந்தது, தாம்பூலப் பைக்கும் அதே பேக்கரி பிஸ்கெட்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதமாகக் கேட்க, இவரும் மகாராஜாவாகத் தலையாட்டிவிட்டு வந்தார், கல்யாண வீடு முழுக்க ஆள் ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்தபோது நான் ஒருத்தி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, ஓவன் முன்னால் மாவுக் கையோடு, சும்மா இருந்தேன்.