வாசலைப் பார்த்த செருப்பு

குலேந்திரன் எந்த வீட்டுக்குப் போனாலும், கதவடியில் கிடக்கும் காலணிகளை எல்லாம் குனிந்து வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். மொன்றியலின் லாசால் பகுதியில் அவரைத் தெரிந்த குடும்பங்களுக்குப் பல வருடங்களாக இது பழகிப்போன காட்சி. பனி ஒழுகும் சப்பாத்துகளை அவர் வரிசைப்படுத்தி முடிக்கும்வரை விருந்துச் சோறுகூடக் காத்திருக்கும்.

அந்தப் பழக்கம் முதலில் அவர் மனைவி ஜெகதீஸ்வரியை அழவைத்தது.

எண்பத்து மூன்றில் இலங்கைக் கலவரச் செய்தி வந்தபோது, குலேந்திரன் சமையல்காரராக இருந்த கப்பல் மொன்றியல் துறைமுகத்தில் நின்றது. அவர் இறங்கி அகதியாகப் பதிந்துகொண்டார். திருகோணமலையிலிருந்து அவள் வந்து சேர நான்கு வருடம் பிடித்தது. வந்த மறுநாள் காலை பார்த்தால், அவளுடைய செருப்பு வாசலைப் பார்த்துக் கிடந்தது. அவள் அதை உள்பக்கம் திருப்பி வைத்தாள். சற்று நேரத்தில் அது மறுபடி வாசலைப் பார்த்தது.

நேரில் கண்டதும் வேண்டாமென்று தோன்றிவிட்டதோ? நான்தான் கறுத்து, மெலிந்து, வேறு யாரோபோல் ஆகிவிட்டேனோ? மத்தியானம்வரை இதே யோசனை. பிறகு குசினிக்குள் போனாள்.

“நான் போகவேணுமெண்டால் வாயாலை சொல்லுங்கோவன்.”

அகப்பையோடு நின்ற குலேந்திரன் விழித்தார். “எங்கை போறது?”

“என்ரை செருப்பைக் கேளுங்கோ.”

விளங்கியதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஐயோ ஈசு! அண்டைக்கு நானும் உன்னை மாதிரித்தான் நினைச்சனான்.”

அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். ஜப்பானில் மட்சுஷிமா என்றொரு கடற்கரை ஊர். கப்பல் பக்கத்துத் துறைமுகத்தில் நின்ற நாளில் ரயிலேறிப் பார்க்கப் போயிருந்தார். குடா முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகள். அலை அரித்த பாறைகளின் தலையில் பைன் மரங்கள்.

“எங்கடை கோணேசர் மலையைத் துண்டு துண்டாய் வெட்டிக் கடலிலை விட்டமாதிரி இருக்குமடி.”

வாய்பிளந்து நடந்தவரை மழை பிடித்துக்கொண்டது. ஒரு புத்த கோயிலுக்குள் ஒதுங்கினார். கும்பிட்டு வெளியே வந்தால், உள்நோக்கிக் கழற்றிவிட்ட சப்பாத்து வெளிப்பக்கம் பார்த்தது.

“என்னிலை கறி மணக்குதெண்டு வெளியிலை கலைக்கினம் எண்டு நினைச்சன். கோவத்திலை காலிலை கொழுவப் போறன், பாத்தால் எல்லாற்றை சப்பாத்தும் அப்பிடித்தான் கிடக்கு! போறவை கஷ்டப்படாமல் காலை விடட்டாம். அது அவையின்ரை மரியாதை. அங்கை நிண்ட மனுசி மழைக்குக் குடையும் தந்தவ.”

“குடையைத் திருப்பிக் குடுத்தனீங்களோ?”

அவர் தலையைச் சொறிந்தார். “கப்பல் வெளிக்கிட்டிட்டுது. அலுமாரிக்குள்ளை இருக்கு.”

“கோயில் குடையையோ! கடவுளே, ஒரு கள்ளனுக்கோ என்னைக் கட்டிக் குடுத்தவை?”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நான்கு வருடத்துச் சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூச்சு வந்ததும், “உங்கடை சப்பாத்தைத் திருப்பி வைக்கிறன். முதல் போய்க் குடுத்திட்டு வாங்கோ” என்றாள்.

“தனியவோ? நீயும் வாறாய்.”

அகதி விசாரணை முடியட்டும் என்றார்கள் இருவரும். பிறகு பிள்ளைகள் வளரட்டும் என்றார்கள். கோயில் சொத்து என்பதால் எந்த மழைக்கும் ஜெகதீஸ்வரி அந்தக் குடையை விரிக்க விட்டதில்லை. மட்சுஷிமாவுக்கு அது இன்னும் திரும்பிப் போகவில்லை.