அமாவாசையில் கேட்ட தறிச்சத்தம்

சுவரில் டி.வி. மாட்ட ஆசைப்படும் வாசகிகளுக்காக இதை எழுதுகிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் பட்டுத்தறி, இந்தப் பக்கம் எங்கள் கூடம். தரையில் கால் ஊன்றாத டி.வி. ஸ்டாண்டு ஒன்றை வாங்கி, அந்தச் சுவரிலேயே பொருத்தினோம். அங்கே நெய்யும்போதெல்லாம் ஸ்டாண்டு லேசாக அதிரும். பழகிவிட்டது.

ஒரு மத்தியானம் என் மகள் டி.வி.க்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் டக், டக் என்று சத்தம். ஸ்டாண்டும் அதிர்ந்தது.

"தறிதான்" என்றேன்.

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு அமாவாசைமா. யாரும் தறியில உக்கார மாட்டாங்களே. அவங்க வீடு வேற பூட்டிக் கெடக்குது."

மகளை வெடுக்கென்று இழுத்தேன். அடுத்த நொடியே ஸ்டாண்டும் டி.வி.யும் அவள் தட்டின் மேல் விழுந்தன.

"தினம் தறி அதிர்ந்து அதிர்ந்து ஸ்க்ரூ கழண்டுக்கினு வந்திருக்குதுமா" என்றார், சில நாள் கழித்துச் சுவரைப் பூச வந்த கொத்தனார்.

"சரி, அன்னைக்குத் தட்டினது யாரு?" என்று கேட்டேன். அவர் கரணையைக் கழுவப் போய்விட்டார்.

இப்போது டி.வி. மேசைமேல் இருக்கிறது. அமாவாசையன்று மட்டும் அதைப் போடுவதில்லை. சுவரில் தட்டினால் காதில் விழ வேண்டுமே!