அக்கா ஷாம்பு விற்காத சீசன்

அக்காவின் பதினாறாம் நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், உடன்பிறந்த தம்பி எழுதுவது. பெருமை பேசத்தான் போகிறேன். அக்கா இருந்தால், "போதும்லே, நிறுத்து" என்று சொல்லியிருப்பார். இப்போது தடுக்க ஆளில்லை.

அக்கா பிறந்தது ஆய்க்குடியில். மணமாகிக் குற்றாலம் வந்தார். அத்தான் இளம் வயதிலேயே காலமானபோது, கைக்குழந்தையான மகளோடு அருவிப் பாதையில் இருந்த கடையில் தாமே உட்கார்ந்தார். எண்ணெய், சீயக்காய்த்தூள், சோப்பு, ஷாம்பு பாக்கெட். சீசனில் விற்பதை வைத்துத்தான் வருடம் முழுக்க அடுப்பெரிய வேண்டும். நானும் துணைக்கு இருந்தேன்.

ஒரு சீசன் தொடங்கும் நேரத்தில், அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை வந்தது. சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளை அக்கா கழற்றி உள்ளே வைத்துவிட்டார். சீசன் வருமானம் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில், வேனில் வந்தவர்கள் கெஞ்சினார்கள் என்று நாலு ஷாம்பு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அருவிக்கரையில் பிடிபட்டார்கள். எங்கே வாங்கியது என்று மட்டும் சொல்லவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார்.

"ஏலே, அந்தத் தண்ணியத்தாம்ல நாமளும் குடிக்கோம். வா எங்கூட."

அவர்களைப் பிடித்த காவலரிடம் போய், "ஐயா, எங்க கடையில குடுத்ததுதான். இனிமே நடக்காது" என்றார். இரண்டு நாள் கடையையும் தாமாகவே அடைத்தார்.

மூன்றாம் நாள் வாசலில் ஆளுயரக் கண்ணாடி மாட்டினார். ஈரத் தலையோடு வருகிறவர்களை, "இங்கன வந்து தலை சீவிட்டுப் போங்க, கண்ணாடிக்குக் காசு கெடையாது" என்று கூப்பிட்டார். வந்தவர்கள் சீப்பு, பவுடர், பொட்டு, துண்டு என்று வாங்கினார்கள். அந்த வியாபாரத்தில்தான் மகளை நர்ஸிங் படிக்க வைத்தார். கடைசி நாட்களில் அவள்தான் அக்காவுக்குத் தினமும் தலைவாரிப் பவுடர் போட்டுவிட்டாள். "ஏட்டி, சீக்காளி மாதிரியா இருக்கேன்?" என்று அக்கா சிரிப்பார்.

தென்காசி மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சீசன் ஞாயிறென்றும் பாராமல் கடையடைத்து இறுதி ஊர்வலத்துக்கு வந்த அருவிப் பாதை வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பணி ஓய்வு பெற்ற அந்தக் காவலரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அன்னைக்கு அவங்களா வந்து சொன்னாங்கல்லா, அதுக்குப் பொறவு அந்த வரிசையில ஒங்க கடைய மட்டும் நான் சோதிச்சதே கெடையாது" என்றார்.

நான் செய்த தப்பிலிருந்து அக்கா சம்பாதித்த பெயர் அது. அவருக்கு ஒரு நாளும் நான் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.